இடது பக்கம் இழுக்கிற வண்டி

15 ஜூன் 2008, ஞாயிறு

மலைக்குப் போய்விட்டு இப்போதுதான் வண்டியை நிறுத்தினேன். வலது தோள் மரத்துப்போய் பேனாகூடப் பிடிக்க வரவில்லை. ஸ்டியரிங்கை நேராக விட்டால் வண்டி இடது பக்கம் வேலியைப் பார்த்துப் போகிறது. நேராகப் போகவேண்டுமென்றால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி, வழி முழுக்க அப்படியே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். போன மாதத்தைவிட இழுப்பு அதிகம்.

சேவூரிலிருந்து படவேடு வரைக்கும் தார் ரோடு. அதற்கப்புறம் மலையடிவாரத்துக்கு மண் வழி. நடுவில் ஆறு, அதாவது மணலும் உருண்டைக் கல்லும். அந்தப் பக்கம் நாலைந்து வீட்டுக்கு வீரபாகு பெரியப்பா தறி போட்டுக் கொடுத்திருக்கிறார். தறியில் நீளவாட்டில் கட்டுகிற பட்டு நூலை, பாவு என்போம், இந்த பிக்கப்பில் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, நெய்து வைத்த புடவைகளை வாங்கி வருவது என் வேலை. அப்பா போனபிறகு நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில்தான். அம்மாவுக்குத் தறி, எனக்கு வண்டி.

இதையெல்லாம் இன்டர்நெட் ஃபோரத்தில் எழுத முடியாது. அங்கே எல்லோரும் ஜீப்பைப் பாறைமேல் ஏற்றுகிறவர்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர்கள் போடுகிற ஒவ்வொரு படத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். யார் சந்தேகம் கேட்டாலும் முதல் பதில் என்னுடையதுதான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் நான் உட்கார்ந்ததுகூட இல்லை என்று அங்கே ஒருத்தனுக்கும் தெரியாது.

18 ஜூன், புதன்

ஆதீஷ் அண்ணா மெயில் போட்டிருக்கிறார்! எனக்கு! ஃபோரத்தில் அவர் பெரிய கை. அம்பத்தூரில் பட்டறை வைத்து, மலை ஏறுகிற ஜீப்புகளைத் தயார் செய்து கொடுக்கிறார். அவருடைய சொந்த ஊரும் நம்ம பக்கத்துக் கிராமம்தான், சமண வீட்டுப் பிள்ளை. என் பதில்களை எல்லாம் படித்தாராம். வேலைக்கு வர்றியா, தங்க இடம் இருக்கு, ஆயுத பூஜைக்குள்ள வந்துடு, அதுக்கு மேல ஆள் இல்லாம ஓட்ட முடியாது என்று எழுதியிருக்கிறார்.

மேசையைக் குத்தினேன். பக்கத்து கம்ப்யூட்டர்க்காரன் மானிட்டரைப் பிடித்துக்கொண்டான்.

19 ஜூன், வியாழன்

பெரியப்பாவிடம் சொன்னேன். நூல் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"போடா. யாரு வாணான்னது? மாப்ள இந்த வண்டிய மலைக்கு எடுத்துகினு போயி, பாவு எறக்கிட்டு முழுசா திரும்பி வரட்டும். அன்னிக்கே நீ கெளம்பு."

மாப்ள என்றால் மணவாளன் மாமா, பரிமளா அக்கா வீட்டுக்காரர். நூல் எடை போட்டுக்கொண்டு இதே வீட்டில்தான் இருக்கிறார். லைசென்ஸ் வைத்திருக்கிறார். வேறென்ன வேண்டும்? முடிந்தது வேலை.

22 ஜூன், ஞாயிறு

முடியவில்லை.

மாமா லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகிறவர்போல இரண்டு கையையும் அழகாக வைத்து ஓட்டினார். நான் பக்கத்தில். வலது பக்கம் அழுத்துங்க மாமா, இன்னும் அழுத்துங்க என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரில் டவுன் பஸ் வந்ததும் பயந்து பிடியைத் தளர்த்தினார். அவ்வளவுதான், வண்டி இடது பக்கம் இறங்கி ரத்னம் நைனார் நாற்றங்காலில் போய் நின்றது. நைனார் வரப்பில் நின்று பொறுமையாகப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, நாத்து புடுங்க ஆளு வேணும்னு நான் யார்கிட்டயும் சொல்லலியே."

மாமா முழங்கால் வரைக்கும் சேற்றோடு வீட்டுக்கு நடந்தே போனார். பெரியப்பா முகத்தில் கோபமே இல்லை. என் தோளைத் தட்டி, இது உனக்கு மட்டும்தாண்டா அடங்கும் என்றார். ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி.

23 ஜூன்

அதாவது, வண்டி நேராக ஓடும் வரைக்கும் எனக்கு விடுதலை இல்லை.

6 ஜூலை, ஞாயிறு

டவுனில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்து வந்தேன். முன் சக்கரம் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தனவாம், திருப்பி வைத்தார்கள். ஆரணி ரோட்டில் இழுப்பு பாதி குறைந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் ஒரு கையால் ஓட்டினேன். மீதி தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே வந்தேன் போல, பெட்டிக் கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார்.

13 ஜூலை, ஞாயிறு

மலைக்குப் போய் வந்தேன். பழையபடி இழுக்கிறது. ஆற்றில் இறங்கும்போது நேராக இருந்தது, ஏறும்போது இல்லை. எங்கேடா போச்சி நான் காசு குடுத்து வெச்ச நேரு?

20 ஜூலை, ஞாயிறு

ஃபோரத்தில் கேட்டுவிட்டேன், என் நண்பனுடைய வண்டி என்று. போட்டோவும் போட்டேன். அலைன்மென்ட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: பின்னால் என்ன ஆட்டுக்கல்?

ஆட்டுக்கல்தான். வீட்டுக்கு கிரைண்டர் வந்ததும் வேலையில்லாமல் கிடந்த கல். வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தபோது பெரியப்பா அதை ஏற்றி வலது பக்கப் பின் மூலையில் வைத்தார். தறிக்காரர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பாவு ஒரு பக்கம் தொய்ந்தால் அந்தப் பக்கம் எடை கட்டுவோம், சமமாகிவிடும். வண்டி இடது பக்கம் சாய்கிறதா, வலது பக்கம் கல் வை. முதல் நாள் கொஞ்சம் சரியானதுபோலவும் இருந்தது. தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஃபோரத்திலும் அப்படியே விளக்கினேன்.

சிரிக்கிறார்கள். ஒருத்தன் தோசையும் சுடுவீர்களா என்று கேட்கிறான். ஆதீஷ் அண்ணா மட்டும் சிரிக்காமல், நூல் கட்டி அளந்து பார்க்கும் முறையை எழுதியிருக்கிறார். வண்டிக்கு இரண்டு பக்கமும் நேராக நூல் இழுத்துக் கட்டி, முன் சக்கரத்தின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். நூலா? நூலைப் பற்றி எனக்கா?

25 ஜூலை, ஆடி வெள்ளி

படவேடு கோயிலுக்கு வீடே கிளம்பியது. வேறு யார் ஓட்டுவது? காலையிலிருந்து மாலை வரைக்கும் கூட்டத்துக்கு நடுவில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். முன்னாலும் பின்னாலும் வண்டிகள், நகர வழியில்லை. கண்ணாடியை ஏற்றினால் வேர்க்கிறது, இறக்கினால் பொங்கல் புகை. அம்மாவுக்காக ஒரு வேண்டுதல் வைக்கலாம் என்றால் இறங்கக்கூட முடியவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் பெரியம்மா ஆட்டுக்கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார். வழியில் பள்ளத்தில் குதித்தபோது அதைப் பிடித்துக்கொண்டுதான் விழாமல் தப்பித்தாராம். சரி, இனிமேல் அது கல்லும் இல்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் தெருவில் பாவு நீட்டி முடித்ததும் அந்தக் கம்பங்களிலேயே நூல் இழுத்துக் கட்டினேன். வண்டி நடுவில். இரண்டு பக்கமும் நூல் சமமாக இருக்கும்படி நகர்த்தி நகர்த்தி வைத்தேன். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டுவிட்டார்கள். வண்டிக்குப் பாவு போட்றியா, என்னா டிசைனு, மயிலா மாங்காவா? பரிமளா அக்கா வாசலில் நின்று, ஜரிகை அக்கா வாங்கித் தர்றேன் கண்ணு என்றாள்.

சொல்லட்டும். முன் சக்கரம் இரண்டையும் ஒரு மயிரிழை தப்பாமல் நூலுக்கு நேராக வைத்தேன். கம்ப்யூட்டர்க்காரன் வைத்ததைவிடச் சுத்தம். பின் சக்கரத்தை அளக்கவில்லை. அங்கே திருப்ப ஒன்றுமே இல்லையே, ஒரே இரும்பு அச்சு. தறியிலும் பின்மரத்தை ஒருதடவை நிறுத்திவிட்டால் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். கோணல் வந்தால் முன்னால்தான் கை வைப்போம்.

சேவூர் ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்தேன். இன்னும் லேசாகத்தான் இழுக்கிறது. அடுத்த வாரம் மாமாவை ஏற்றிவிடலாம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

போச்சு. ஆத்துல எறங்கி ஏறுனதும் போச்சு. கைய விட்டா புதர்ல போயி உக்காருது. நான் இன்னாதான் பண்றது? நூல் கட்டியாச்சி, கம்ப்யூட்டர் காட்டியாச்சி, டை ராடு மாத்தியாச்சி. ஆத்துக்கு இந்தப் பக்கம் நேரு, அந்தப் பக்கம் கோணை. எனக்குன்னே அந்த ஆறு குறுக்க படுத்துகினு இருக்குது.

மாமாவை ஏற்றியிருந்தேன். ஆற்றங்கரையிலேயே இறங்கிக்கொண்டார். எனக்குப் பரிமளா வேணும்டா என்றார்.

31 ஆகஸ்ட்

ஃபோரத்துக்குப் போகவில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

மலை. பாவு இறக்கினேன். புடவை வாங்கினேன். தோள்.

14 செப்டம்பர், ஞாயிறு

ரத்னம் நைனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்ற வண்டி கேட்டு ஆள் வந்தார். பெரியப்பா வருத்தமாகச் சொன்னார்: குடுத்துருவேன், ஆனா அது இழுக்குமே, உங்க டிரைவருக்குப் பழக்கம் இருக்காதே. வந்தவர் நாற்றங்காலை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பினதும் பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நேரா ஓட்ற வண்டின்னா ஊரே கேக்கும்டா. கோணையா இருக்கறதாலதான் நம்ம வண்டி நம்ம வாசல்ல நிக்கிது."

அவருக்கு இது சரியாக வேண்டாம். நான் இத்தனை நாளாக யாருக்கு எதிராக ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்தேன்? வண்டிதான் வாசலில் நிற்கிறதா, நானும்தானா?

21 செப்டம்பர், ஞாயிறு

நேற்று நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் வரவில்லை, ஆனால் மணல் முழுக்க நனைந்து, புதிதாகப் போட்ட சிமென்ட் தரைபோல இருந்தது. எனக்கு முன்னால் ஒரு வண்டியும் போகவில்லை. நடுவில் ஒரு கிளை கிடந்ததால் இறங்கி இழுத்துப் போட்டேன். திரும்பி வண்டிக்கு வரும்போது பின்னால் பார்த்தேன்.

நாலு கோடு.

நேராக வந்திருக்கிறேன். அப்படியானால் முன் சக்கரத் தடத்தின்மேலேயே பின் சக்கரம் ஏறியிருக்க வேண்டும், இரண்டு கோடுதான் இருக்க வேண்டும். ஆனால் பின் சக்கரத் தடம் இரண்டும் வலது பக்கம் தள்ளித் தனியாக வந்திருக்கின்றன. தெரு நாய் ஓடும்போது உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு நேராக ஓடுமே, அப்படி. என் வண்டி இத்தனை நாளாக அப்படித்தான் ஓடியிருக்கிறது.

ஈர மணலிலேயே படுத்து அடியில் பார்த்தேன். பின் அச்சு வலது பக்கத்தில் ஒரு விரலுக்கு மேல் பின்னால் நகர்ந்திருக்கிறது. அச்சையும் அதன்மேல் வண்டியைத் தாங்குகிற கமான் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற நடு போல்ட் தலை முறிந்து போயிருக்கிறது. சுற்றிக் கட்டியிருக்கும் யூ போல்ட்டும் தளர்ச்சி. கல்லில் இடிக்க இடிக்க அச்சு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் ஆற்றில் இறங்கினதும் போனது. பின்னால் அச்சு ஒரு பக்கம் பார்க்க, நான் முன்னால் உட்கார்ந்து நூல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முறிந்த போல்ட்டுக்கு நேர் மேலே என்ன இருக்கிறது? குங்குமம் வைத்த ஆட்டுக்கல். இழுப்பு முதலில் எதனால் வந்ததோ தெரியாது. ஆனால் அதைச் சரி செய்ய நாங்கள் வைத்த கல், பள்ளத்துக்குப் பள்ளம் அங்கேயே குதித்துக் குதித்து முறித்திருக்கிறது.

மணலில் படுத்தபடியே சிரித்தேன். ஆடு மேய்க்க வந்த கிழவர் ஒருவர் வண்டி ஏறிவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்.

22 செப்டம்பர், திங்கள்

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கல்ல எடுத்தா வண்டி கவுந்துடும். பெரியம்மா அதற்குமேல்: சாமியையா எறக்குவ?

24 செப்டம்பர், புதன்

பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்யாரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். அம்மா தறியை விட்டு எழுந்து வந்து, கோணியை மடித்துக் கீழே போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உங்க பெரியப்பா வந்தா நான் சொல்லிக்கிறேன். புடி கண்ணு."

இரண்டு பேரும் சேர்ந்து பலகைமேல் உருட்டி இறக்கினோம். கொல்லையில் துளசிக்குப் பக்கத்தில் வைத்து, அம்மா அழிந்த குங்குமத்தைத் திரும்ப வைத்தாள். நான் போயிட்டா உனக்கு எப்டிம்மா என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நான் இன்னா வண்டியாடா, நீ புடிக்கலன்னா பள்ளத்துல போறதுக்கு?"

26 செப்டம்பர், வெள்ளி

கமான் பட்டறை தனகோடி அண்ணனிடம் விட்டேன். பட்டையைக் கழற்றி, புது நடு போல்ட் போட்டு, யூ போல்ட்டை முறுக்கினோம். பிறகு முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரைக்கும் ஒரு நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன். அதே நூலை அந்தப் பக்கம் பிடித்தால் முடிச்சு சரியாகச் சக்கர நடுவில். இரண்டு பக்கமும் ஒன்று! கடைசியில் முன் சக்கரத்தையும் திரும்ப அளந்து வைத்தேன்.

அச்சும் பட்டையும் சேரும் இடத்தில் இரண்டின்மேலும் ஓடுகிற மாதிரி வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டேன். அச்சு நகர்ந்தால் கோடு முறியும். ஆற்றில் இறங்கும் முன்னும் ஏறின பின்னும் குனிந்து ஒரு பார்வை, வீட்டுக்கு வந்ததும் யூ போல்ட்டுக்கு ஒரு முறுக்கு. இது யாராலும் முடியும். மாமாவாலும் முடியும்.

பெரியப்பா கல் இல்லாத மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

5 அக்டோபர், ஞாயிறு

ஆயுத பூஜை புதன்கிழமை. மாமா இன்று போகட்டுமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். பாவு ஏற்றித் தயாராக நிற்கிறது.

தீபாவளி வியாபாரம் டா, இப்ப போயி புது ஆளு கைல குடுப்பாங்களா, தீபாவளி கழியட்டும் என்றார். சொன்னீங்களே பெரியப்பா, மாப்ள ஓட்டுனா அன்னிக்கே கெளம்புன்னு சொன்னீங்களே. சொன்னேன், இல்லேன்னா சொன்னேன், தீபாவளி கழியட்டும். தீபாவளி கழிஞ்சா கார்த்திகை கல்யாணம். அப்புறம் தை. எனக்குத் தெரியாதா? வண்டிய நிமித்துனேன், இவரு பேச்ச எந்த நூல கட்டி நிமித்துறது?

மாமா எடைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

6 அக்டோபர், திங்கள்

காலையில் பல் துலக்கும்போது வாசலில் ஸ்டார்ட் ஆகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமா! தனியாக! பரிமளா அக்கா கேட்டைத் திறந்துவிட்டு நிற்கிறாள். கண்ணாடியை இறக்கி, வெள்ளைக் கோடுதானேடா, பாத்துட்டேன் என்றார். போய்விட்டார்.

பெரியப்பா நாற்காலியைத் தெருவிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். காபி வந்தது, குடிக்கவில்லை. பாவு இன்னா வெல தெரியுமா என்று அக்காவைக் கேட்டார். உன் மாப்ள இன்னா வெலன்னும் சேத்து சொல்லுப்பா என்றாள் அவள். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பயம்தான். வண்டியை நான் இல்லாமல் அந்த வழியில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தது. தெருமுனையிலிருந்து வாசல்வரைக்கும் நேராக, நடு ரோட்டில், மெதுவாக. மாமா இறங்கி, பின்னால் போய், புடவை மூட்டையை எடுத்துப் பெரியப்பா மடியில் வைத்தார்.

"எண்ணிக்குங்க மாமா."

அவ்வளவுதான் பேசினார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

பெரியப்பா மூட்டையைப் பிரிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து வண்டியிடம் போய், சீட்டுக்குப் பின்னால் இருந்த டூல்ஸ் பையை எடுத்து வந்தார். நான் இத்தனை வருடம் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி வழுவழு என்று ஆகியிருக்கும் ஸ்பேனர்கள்.

"ஆயுத பூஜைல நீ வேல செய்ற எடத்துல உன்து நாலு சாமானு வெக்கணும். அடுத்தவன் ஸ்பேனருக்கா பொட்டு வெப்ப? எடுத்துகினு போ."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

12 நவம்பர், புதன். அம்பத்தூர்

மாமா போன் செய்தார். கோடு முறியவில்லையாம். ஆனால் வண்டி வீட்டிலேயே தங்குவதில்லை. நைனார் வீட்டுக்கு, பந்தல்காரருக்கு, கோயிலுக்கு என்று தெருவே கேட்டு வாங்கிப் போகிறதாம். பெரியப்பா தினம் என்னைத் திட்டுகிறாராம். அம்மா சிரித்துக்கொண்டு நெய்கிறாளாம்.

இன்று ஒரு ஜீப்புக்கு அலைன்மென்ட் முடித்து, பின்னால் இருக்கும் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். வலது பக்கம் போனது. திரும்பக் கொண்டு வந்து அளந்தோம், சரியாக இருந்தது. திரும்ப ஓட்டினேன், திரும்ப வலது பக்கம். ஆதீஷ் அண்ணா நூலைக் கட்டி அவரே அளந்தார். முன்னால், பின்னால், அச்சு, எல்லாம் நேர். பிறகு பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, ஜீப்பைப் பார்க்காமல் என் தோளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிரணு, இந்த வண்டி இழுக்காதுப்பா. கைய எடு."

எடுத்தேன். நேராகப் போனது.